கடைசி வசனம்: நீயா, நீங்களா

8 நவம்பர் 2003, சனி. ரிச்சர்ட்சன், டெக்ஸாஸ்

துணி மடித்துக்கொண்டிருந்தபோது பசுபதி வந்தார். தமிழ்ச் சங்கத்தின் நாடகப் பொறுப்பு அவருடையது. கையில் ஒரு வீடியோ கேசட். நாற்பதுகளில் எடுத்த கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படம். பொங்கல் விழாவுக்கு அதை நாற்பது நிமிட நாடகமாக நான் தமிழில் எழுதித் தர வேண்டுமாம்.

“நீங்கதானே எம்.எஸ்ஸி. படிச்சவங்க?”

“அது கெமிஸ்ட்ரிங்க.”

“இதுவும் கெமிஸ்ட்ரிதான்” என்றார்.

மாலையில் பார்த்தேன். ஒரு பாங்க் மானேஜர், அவர் மனைவி, ஒரு படகுக்காரன். கடைசியில் இரண்டு ஆண்களும் படகுத்துறையில் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள். அவள் தண்ணீரைப் பார்த்தபடி, என் மனதில் எப்போதும் இருந்தது ‘யூ’ என்கிறாள். படகின் சங்கு ஊதுகிறது. படம் முடிந்தது. யாரைச் சொன்னாள் என்பது அவளுக்கே வெளிச்சம்.

10 நவம்பர்

அவர்களுக்கு ஒரே ஒரு ‘யூ’. எனக்கு இரண்டு இருக்கின்றன. எதை எழுதினாலும் குட்டு உடைந்துவிடும்.

12 நவம்பர்

‘நீர்’ என்று போட்டுப் பார்த்தேன், தாகத்துக்குத் தண்ணீர் கேட்பதுபோல் இருந்தது. ‘தாங்கள்’ என்றால் ராஜா வந்துவிடுகிறார். ஓவியா எட்டிப் பார்த்தாள். பதினைந்து வயது, பதில் எல்லாம் ஆங்கிலம்தான். “அம்மா, இட்ஸ் ஜஸ்ட் யூ. ஒய் ஆர் யூ க்ரையிங்?”

அழவில்லை. வெங்காயம்.

22 நவம்பர், சனி

முதல் ஒத்திகை, எங்கள் கராஜில். கதாநாயகி பொள்ளாச்சி வசந்தாமணி. படகுக்காரன் ரஞ்சித்குமார், அவளுக்குப் பக்கத்து வீட்டுப் பையன், சாஃப்ட்வேர். பாங்க் மானேஜர் இவர், என் கணவர் சேனாபதி. மே மாதம் லே ஆஃப் ஆனதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். நடிக்கட்டுமே என்று நான்தான் இழுத்துவிட்டேன்.

கணவனை ‘நீங்க’, காதலனை ‘நீ’ என்று எழுதியிருந்தேன். கடைசி வசனத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். இவர் இரண்டு பக்கம் வாசித்துவிட்டு நிறுத்தினார்.

“ஏன் சாரதா, படகுக்காரன்னா நீ, எனக்கு மட்டும் நீங்களா?”

“கட்டின புருஷனுங்களே.”

“பத்தொம்பது வருஷம் கூட இருந்தும் லோன் கேக்க வந்தவ மாதிரியே பேசறா.”

எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. கதையில் பத்தொன்பது வருடம் என்று எங்கேயும் இல்லை. எங்களுக்குக் கல்யாணமாகித்தான் பத்தொன்பது வருடம்.

23 நவம்பர்

பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

“நீ யாரையாவது நீ-ன்னு கூப்பிட்டிருக்கியா? குழந்தை, நாய் தவிர.”

பொய் சொல்லியிருக்கலாம். “கிட்டுசாமின்னு ஒருத்தன். காலேஜ் லேப்ல.”

“ஒருத்தனா?”

ஒருத்தர் என்று சொல்லியிருக்க வேண்டும். மூடிய குழாயை மறுபடி மூடிவிட்டுப் போய்விட்டார்.

நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. பால்காரரையும் வீட்டுக்கு வந்த பூனை பிடிப்பவரையும் ‘நீங்க’ என்றே கூப்பிட்டு வளர்ந்தவள். அவனை மட்டும் ஏன்? பியூரெட் சரிந்தபோது அவசரத்தில் ‘பிடி நீ’ என்று கத்தினேன், அப்படியே ஒட்டிக்கொண்டது. காதலா? இல்லை.

இல்லை என்று எழுத ஏன் இத்தனை நேரம் பிடித்தது?

1 டிசம்பர்

முயன்று பார்த்தேன். “நீ... காபி சாப்பிடறீங்களா?” என்று வந்தது.

“பாதி வந்திருக்கு” என்றார். “மீதி பொங்கலுக்குள்ள வந்துருமா?”

ஆறு மாதமாக எந்தக் கம்பெனியும் திரும்பக் கூப்பிடவில்லை. இந்த நேரத்தில் வீட்டிலும் விருந்தாளி மாதிரி நடத்தினால் மனுஷர் எங்கேதான் போவார்? தெரிகிறது. வாய்தான் வரமாட்டேன் என்கிறது.

13 டிசம்பர்

நான் இத்தனை யோசித்து எழுதிய நீ, நீங்க எல்லாம் வீண். வசந்தாமணிக்கு ‘நீ’ வரவே இல்லை.

“பக்கத்து வீட்டுத் தம்பியைப் போயி எப்படிங்க்கா நீ-ங்கறது? நாளைக்கு அவங்கம்மா ஊர்லருந்து வந்தாங்கன்னா?”

படகுக்காரனையும் நீங்க என்கிறாள். விட்டால் படகையும் நீங்க என்பாள்.

17 ஜனவரி 2004, சனி

நாடகம் நடந்துவிட்டது. கடைசி வசனத்துக்கு ‘நீங்க’ என்றே எழுதிக் கொடுத்திருந்தேன். பள்ளி ஆடிட்டோரியம் நிறைந்திருந்தது. வசந்தாமணி அரங்கின் ஓரத்தைப் பார்த்து, “என் மனசுல எப்பவும் நீங்கதானுங்க” என்றாள். கணவன், காதலன் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரு அடி முன்னால் வந்தார்கள். பசுபதி சங்கு ஊதினார்.

சர்க்கரைப் பொங்கல் வரிசையில் ஒரே சண்டை. மெட்ராஸ்காரர்கள் அவள் கணவனோடு போய்விட்டாள் என்றார்கள். கோயமுத்தூர்க்காரர்கள், அது எப்படிங்க சொல்ல முடியும் என்றார்கள். படத்தில் இருந்த குழப்பம் ஒரு சொட்டுக் குறையாமல் தமிழுக்கு வந்துவிட்டதாகப் பசுபதி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

காரில் இவர் சொன்னார்: “வசந்தாமணிக்கு எல்லாருமே நீங்கதான். அதனால அது கணக்கில்ல. உனக்கு ரெண்டும் தெரியும்.”

25 ஜனவரி, ஞாயிறு

ஹூஸ்டனில் ஆறு மாத கான்ட்ராக்ட் வேலை கிடைத்திருக்கிறது. ஹில்கிராஃப்ட் பக்கம் நண்பர் வீட்டில் ஒரு அறை. வெள்ளி வருவது, ஞாயிறு போவது. “போயிட்டு வாங்க” என்றேன். “வர்றேன்” என்றார். பாங்க் கவுண்டரில் ரசீது வாங்கிக்கொண்டு போவதுபோல் போனார்.

4 பிப்ரவரி

வீடு அமைதியாக இருக்கிறது. அமைதி வேண்டும் என்று நானா கேட்டேன்?

13 பிப்ரவரி, வெள்ளி

ஐந்து மணிக்கு வர வேண்டியது. ஆறு ஆனது. ஃப்ரீவேயில் ஐஸ், இருபது வண்டிகள் மோதிக் கிடப்பதை டி.வி.யில் காட்டினார்கள். செல்லில் பதினோரு முறை கூப்பிட்டேன். ஆறரைக்கு ஏதோ கேஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது.

“எங்கே போய்த் தொலைஞ்சே நீ? உயிரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? டி.வி.ல வரிசையாக் காட்டறான், ஒவ்வொண்ணுலயும் நம்ம பச்சை வண்டியான்னு தேடிட்டு நிக்கறேன், நீ பாட்டுக்கு...”

 

“சார்ஜ் தீந்துபோச்சுங்க” என்று மெதுவாக வந்தது குரல்.

“பாத்து வா” என்று வைத்துவிட்டேன்.

எட்டு மணிக்கு வந்தான். நான்கு தோசை சாப்பிட்டான். சட்னியில் உப்புக் கம்மி என்றான்.