பையனின் அப்பாவுக்கு டீ மட்டும் கொடு

தம்பி,

உன் மகளை ஆலோசகரிடம் கூட்டிப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். மானம் போனதென்று இரண்டு நாளாகப் படுத்திருக்கிறாய், பசி மட்டும் போகவில்லை.

அந்தப் பையனின் அப்பா வருவார். டீ கொடு, வாக்குக் கொடுக்காதே. "கல்யாணத்தை முடிச்சிட்டா ஊர் வாயை மூடிடலாம்" என்பார். நீயும் வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டுவாய். கத்தரிக்காய் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவன், வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் பதினாறு வயது மகளை முதல் பேச்சிலேயே தள்ளிவிடப் பார்க்கிறாய்.

பெற்று வளர்க்கலாம், தத்துக் கொடுக்கலாம், கலைக்கலாம். எதுவானாலும் துணைக்கு ஆள் உண்டு, படிப்பை நிறுத்த வேண்டாம் என்று ஆலோசகர் போன தடவையே சொன்னார். முடிவு அவளுடையதாம். நான் நடுவில் பேரத்துக்குப் புகுந்தேன். "நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்கக்கா" என்று கதவைச் சாத்திவிட்டார். பார்த்ததுமே என்னை எடை போட்டுவிட்டார்.

— அக்கா

பி.கு: இத்தனையும் கேட்டுவிட்டு, அன்று திரும்பி வரும் வழியில் உன் மகள் கேட்டது ஒன்றுதான்: "அப்பா என்கூட பேசுவாரா அத்தை?" கடைத்தெருவையே வாயால் வளைக்கிற நான், அந்தப் பதிலை மட்டும் உனக்கே விட்டுவிட்டேன். அதனால் வாசல் சாவியை வேண்டுமென்றே மேஜைமேல் விட்டுப் போகிறேன். அவள் வந்து தட்டும்போது கதவை நீதான் திறக்க வேண்டும்.