தலவாக்கலைக்குக் கோடி கொண்டுபோன நாள்

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிறு மாலை

அன்பு மகள் நிரோஷாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் சீனி வருத்தமும் என் முழங்கால் வலியும் பழையபடிதான் இருக்கின்றன, மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம், எல்லோரும் என்றால் நாங்கள் இரண்டு பேரும்தான். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்தக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கக் கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். தலவாக்கலைக்குப் போனது பிரயோசனமாக இருந்ததா அம்மா என்று போன கிழமை நீ கேட்டபோது அப்பா பக்கத்திலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார், நான் ம் என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு ம்முக்குள் இருந்ததை எல்லாம் அவர் முன்னால் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு நுஹா டீச்சரின் மருமகள் மெல்பேர்ன் வருகிறாள், கறித்தூள் பார்சலோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். கறித்தூளை முதலில் எடுத்து வை, கடிதம் கெட்டுப்போகாது.

அத்தை வீட்டு இராமையா மாமா தவறியது உனக்குத் தெரியும், எங்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்பது தெரியாது. யாரும் வந்து சொல்லவில்லை. அப்பாவோடு தபால் கந்தோரில் வேலை செய்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கம் சொல்லும் ரோசாப்பூவுக்கும் மூட்டுவலிக்கு வெந்தயம் என்பதற்கும் நடுவில் மாமாவின் படம் வந்தது. அப்பா பார்த்தார், தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார், கோப்பையைக் கழுவி வைத்தார். கோப்பை கழுவினார் என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது, கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் செய்யாத வேலை அது. கிளம்புங்கள் என்றேன். சொந்த அக்கா வீட்டுச் சாவ போன்ல பார்த்துட்டுப் போறதுக்கு நான் என்னா ஊரானா என்று கேட்டார். கேட்டுவிட்டு வெந்தயம் பற்றிய செய்தியையும் முழுவதும் வாசித்தார். அடக்கத்துக்கு நாங்கள் போகவில்லை.

கணேசுக்கு உன்னைக் கேட்டு நீ மாட்டேன் என்று சொன்ன பிறகுதானே இந்த இரண்டு வீடும் பிரிந்தது, அதை நீ உன் தலையில் ஏற்றிக்கொண்டு திரிகிறாய் என்று எனக்குத் தெரியும். அத்தை மகனைக் கட்டுவது நம் பக்கத்தில் முறைதான், அதற்காகக் கட்டியே ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நீ சொன்னதை அப்பா அப்படியே மாமாவிடம் போய்ச் சொன்னார், சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர். மாமா உன் கல்யாண அழைப்பிதழை வெற்றிலைத் தட்டோடு திருப்பி அனுப்பினார், இனி என் வாசல மிதிக்க வேணாம் என்று சொல்லியும் அனுப்பினார். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. கணேஸ் மட்டும், அவன்தான் பாவம், வேறு பெண்ணைக் கட்டி, தலவாக்கலை டவுனில் போன் திருத்தும் கடை போட்டு இரண்டு பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருந்தான். கோபித்துக்கொண்டவர்கள் எல்லாம் அவனுக்காகக் கோபித்துக்கொண்டவர்கள்.

இப்படி இருக்கும்போது ராஜலிங்கம் வந்தார், மாமாவின் தோட்டத்துக்காரர், கண்டிக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர். லீக்ஸ் கட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கேட்டிலேயே நின்றுகொண்டு சொன்னார். கருமாதிக்குக் கோடி யார் போடுவது என்று அங்கே பேச்சாம். புருஷன் போனவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ வந்து கோடிச் சேலை போட வேண்டும், அத்தைக்குக் கூடப் பிறந்தது அப்பா ஒருவர்தான். தம்பிதான் வரமாட்டாரே, நான் போடுறேன் என்று பங்காளி ஒருவர் முன்வந்தாராம். அத்தை அவரை நிமிர்ந்து பார்த்து, எனக்குப் பொறந்த வீடு ஒன்னுதான் என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாளாம். ராஜலிங்கம் இவ்வளவும் சொல்லிவிட்டு, லீக்ஸ இன்னைக்கே சமைச்சிருங்க அக்கா, வாடிரும் என்று போய்விட்டார்.

அன்று முழுவதும் உன் அப்பா போவது சரியா என்று யோசித்தார். யோசித்தார் என்றால் எனக்குக் கேட்கும்படி யோசித்தார். பஸ்ஸில் போனால் கினிகத்தேனை வளைவுகளில் நான் வாந்தி எடுப்பேன், ஆகவே ரயில். ரயிலில் போக அரை நாள், வர அரை நாள், நடுவில் அங்கே இருப்பது ஒரு சோறு தின்னும் நேரம். இரவு தங்கலாம் என்றால் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் எப்படித் தங்குவது. ஹட்டனில் உன் சித்தி வீட்டில் தங்கலாம் என்றால் கருமாதி வீட்டிலிருந்து நேராக இன்னொரு வீட்டுக்குள் போகக் கூடாது, அதிலும் சித்தியின் மருமகள் பிள்ளை பெற்றுக் கிடக்கிறாள். ஆகவே போன அன்றே திரும்ப வேண்டும். அவ்வளவு தூரம் போய், வாசலிலேயே வேணாம்னு சொல்லிட்டா அடுத்த ரயில் வரும்வரைக்கும் ஸ்டேசன்ல என்னா செய்யிறது என்று கேட்டார். வடை சாப்பிடலாம் என்றேன். சீனிக்காரனுக்கு வடையா என்று அதற்கும் கோபித்தார். நான் ஒன்றுதான் சொன்னேன். நீங்கள் போகாவிட்டால் அக்காவுக்குக் கோடி இல்லை, அவ்வளவுதான், உங்கள் விருப்பம் என்றேன். எனக்கு உள்ளுக்குள் பயம். இதற்கும் போகாவிட்டால் அந்த மனிதர் மீதிக் காலம் முழுவதும் கோப்பை கழுவிக்கொண்டே இருப்பார் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் என்னிடம் சொல்லாமல் கண்டி டவுனில் கொழும்பு வீதிக்குப் போய்ச் சேலை எடுத்து வந்தார். வெள்ளைதான் எடுக்க வேண்டும், அவருக்கும் தெரியும். பிரித்துப் பார்த்தால் இளஞ்சந்தன நிறத்தில் மெல்லிய கரை. கடைக்காரன் பிழையாகக் கொடுத்துவிட்டானா என்றேன். இல்லை, வெள்ளையைத்தான் காட்டினான், அக்காவுக்கு அதை எடுக்கக் கை வரவில்லை என்றார். நான் மடித்து வைத்தேன்.

ரயிலில் நல்ல சனம். கண்டியில் ஏறியதும் அப்பா ஓடிப்போய், முன்னுக்குப் பார்த்த மாதிரி ஜன்னல் ஓரம் வேண்டும் என்று தேடி இடம் பிடித்தார். கண்டியில் எஞ்ஜினைக் கழற்றி மற்றப் பக்கம் பூட்டுவார்கள் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இவருக்கும் தெரியும், அன்று மறந்துவிட்டார். தலவாக்கலை வரைக்கும் பின்பக்கமாகவே போனார். இடம் மாறி உட்காருங்கள் என்றதற்கு, எனக்கு இது வசதி என்றார். நாவலப்பிட்டிக்கு அங்கால் வாசலுக்கு வாசல் வெள்ளைக்காரப் பிள்ளைகள் வெளியே தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள், ஒருத்தி அப்பாவையும் எடுத்தாள். மடியில் கோடிச் சேலையோடு, கடைக்குக் கணக்குக் காட்டப் போகிற ஆள் மாதிரி இவர் உட்கார்ந்திருந்த அந்தப் படம் இப்போது எந்த நாட்டில் இருக்கிறதோ. ரொசல்லையில் ரயில் காரணம் சொல்லாமல் நின்றது. நிற்க நிற்க நான் மணியைப் பார்த்துப் பார்த்துத் தவித்தேன், சடங்கு மத்தியானத்துக்கு முன்னால் முடித்துவிடுவார்கள், போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்று. அப்பாவும் அதையே நினைத்திருப்பார். நல்ல இடம், காத்து வருது என்றார்.

இறங்கி ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது நன்றாகச் சாய்ந்துவிட்டது. வாசலில் தகரக் கொட்டகை, ஆட்கள் நெளிந்துகொண்டு நின்றார்கள். இலை போடவில்லை. சடங்கு செய்ய வந்த பெரியவர் கோபமாக ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார். கணேஸ் ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்து, மாமா, அம்மா எந்திரிக்கவே மாட்டேங்குறாங்க, காலையில இருந்து அப்பிடியே ஒக்காந்திருக்காங்க என்றான். நாங்கள் வருவதாக ஒருவருக்கும் சொல்லவில்லை, ராஜலிங்கத்திடம்கூடச் சொல்ல வேண்டாம் என்று அப்பா தடுத்திருந்தார். வருகிறோம் என்று தெரியாமலேயே அவள் அத்தனை பேரையும் பட்டினி போட்டு எங்களுக்காக உட்கார்ந்திருந்தாள் மகளே. எழுதும்போதே எனக்குக் கண் கலங்குகிறது, கொஞ்சம் பொறு.

அப்பா உள்ளே போனார். அத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. யாரோ ஒரு பெண் சேலையின் நிறத்தைப் பார்த்து முணுமுணுத்தாள், பெரியவர் அவளை ஒரு பார்வை பார்த்தார், இனியும் தாமதித்தால் அவரே பசியில் விழுந்திருப்பார். அப்பா சேலையை விரித்து அக்காவின் தோளில் போட்டார். போட்டுவிட்டுக் கையை எடுக்கப் பார்த்தால் முடியவில்லை, அத்தை சேலையோடு சேர்த்து அவர் விரல்களையும் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். அப்படியே நெடுநேரம் இருந்தார்கள். இரண்டு பேரும் அழவில்லை, சுற்றி நின்ற நாங்கள்தான் அழுதோம்.

பிறகு இலை போட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனபோது அத்தை என் பின்னால் வந்து நின்றாள். ஒம் மக மேல எனக்கு ஒன்னுமில்ல தனம், அவளுக்குப் பிடிக்கல, சொல்லிட்டா, அதுல என்னா இருக்கு என்றாள். ரோசமெல்லாம் அவருது, அவரு உசுரோட இருக்கும்போது நான் ஒங்ககூடப் பேசினா அவர விட்டுக்குடுத்த மாதிரி ஆயிரும், அதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன் என்றாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இதைச் சொல்ல ஒரு மனுசி இத்தனை வருசம் எடுப்பாளா, தம்பி செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது தெரியாதா என்று கத்தியிருப்பேன், வேறு வீடாக இருந்தால். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்து போயிருந்தது.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை, சத்தம் இல்லாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வருவதுதான் வழக்கம், மறுபடி வருகிறேன் என்பது அந்த வீட்டுக்கு ஆகாத பேச்சு. உன் அப்பா காலமெல்லாம் தபால் கந்தோர்க் கவுண்டரில் மரியாதை பேசிப் பழகியவர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது டொக்டரிடமே வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்த ஆள். கொட்டகை நடுவில் நின்று திரும்பி, எல்லோருக்கும் கேட்க, அக்கா, போயிட்டு வாறேன் என்றார். அவ்வளவுதான், ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஒரு கிழவி வாயில் கை வைத்தாள். நான் அப்பாவின் முழங்கையைக் கிள்ளினேன், அவருக்கும் அப்போதுதான் புரிந்தது, முகம் செத்துவிட்டது. உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. வராம இருந்தது போதும், வா என்றாள்.

திரும்பும் ரயிலில் ஏறும்போது போனில் சொல்லியிருந்தேன், ஹட்டன் ஸ்டேசனில் சித்தி ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு வந்து நின்றாள், தொடாதே, பிள்ளை இருக்கிற வீடு என்று நான் கத்த, பார்சலை ஜன்னல் வழியாக என் மடியில் எறிந்துவிட்டுப் போனாள். அப்பா சாப்பிடவில்லை. இருட்டுக்குள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வட்டவளையில், அக்கா வரச் சொல்லிச்சில்ல என்று கேட்டார். ஆமாம் என்றேன். கம்பளையில் மறுபடியும் கேட்டார். ஆமாம், எல்லோர் முன்னாலும்தான் அக்கா சொன்னார் என்றேன். அப்போதுதான் அழுதார், பக்கத்தில் தேங்காய் மூட்டையோடு இருந்த ஆள் எழுந்து வேறு இடத்துக்குப் போகும் அளவுக்கு அழுதார். பிரயோசனமா என்று கேட்டாயே, அவ்வளவு தூரம் போய் இவ்வளவு நேரம் இருந்துவிட்டு வருவது யாருக்கும் கட்டுப்படியாகாத பயணம்தான். இவர் வருகிற மாதமும் போக நாள் பார்த்து வைத்துவிட்டார்.

குட்டிக்குத் தலைக்கு எண்ணெய் வை, குளிர் என்று சாட்டுச் சொல்லாதே. மாப்பிள்ளையை ராத்திரியில் வண்டி ஓட்டுவதைக் குறைக்கச் சொல். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் ஒன்றாகச் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும், எனக்கும் அப்பாவுக்கும் வேறு வேண்டுதல் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. டிசம்பரில் வரும்போது சிகிரியா, கடற்கரை என்று எங்கே வேண்டுமானாலும் போங்கள், தலவாக்கலைக்கு ஒரு நாள் ஒதுக்கு. அத்தையிடம் மன்னிப்புக் கேட்காதே, நீ பிழை ஒன்றும் செய்யவில்லை. குட்டியை அவள் மடியில் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார். அவள் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிட்டியா என்று கேட்பாள். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தாலும் இல்லை என்று சொல்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
தனலெட்சுமி