கம்பளக் கடைக்கு மேலே

பெப்ரவரி 4, செவ்வாய்

இன்றைக்கும் பலூசிஸ்தானிலிருந்து பலூச் கம்பளங்கள் வந்திறங்கின. கருஞ்சிவப்பு, கருநீலம், ஒட்டக மயிரின் மண்ணிறம். கடையில் இடமில்லை என்று மாடிப்படியின் இரண்டு பக்கமும் சுருட்டி நிறுத்திவிட்டார் என் கணவர் நிர்மலன். ஒருக்களித்துத்தான் ஏறலாம். வீடு முழுக்க ஆட்டு வாடை. மாமிக்குத் தும்மல் நிற்கவில்லை.

லண்டன் மனோர் பார்க்கில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டு வருசம். கீழே அவருடைய கடை, மேலே நாங்கள். தெருவுக்கு வேறு வாசல் இல்லை, கடைக்குள்ளால்தான் போகவேணும்.

பெப்ரவரி 7, வெள்ளி

முருகன் கோயிலுக்குப் போக இறங்கினேன். கடையில் நிர்மலன் மறித்தார்.

"எங்கை போறீர்?"

"கோயிலுக்கு."

"தனியவோ? ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டிக்கொண்டு போறன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திரும்பி ஏறிவிட்டேன்.

பெப்ரவரி 19, புதன்

கம்பளங்களின் பிய்ந்த ஓரங்களைத் தைப்பது என் வேலை. இப்போது துணைக்கு ஒரு பலூச் பெண்ணை வைத்திருக்கிறார். பெயர் மாஹ்கஞ்ச். இல்ஃபோர்ட்டிலிருந்து பஸ்ஸில் வருவா. கொஞ்சம் இங்கிலிஷ், மிச்சம் கைப்பாஷை.

ஒரு கம்பளம் ஒரு முனையில் அகலம், மற்ற முனையில் ஒடுக்கம். பிழை என்று நிர்மலன் ஒதுக்கிப் போட்டிருந்தார். மாஹ்கஞ்ச் சிரித்தா. அவவின் ஆட்கள் மந்தையோடு இடம் மாறுகிறவர்கள். நிலத்தில் முளை அடித்துத் தறியைக் கிடத்தி, பெண்கள் அதன்மேல் குந்தியிருந்து நெய்வார்களாம். மந்தை வெளிக்கிட்டால் முளையைப் பிடுங்கி, பாதி நெய்ததை அப்படியே சுருட்டிக்கொண்டு போய், அடுத்த இடத்தில் திரும்ப அடிப்பார்களாம். நூலின் இழுவை முந்தின மாதிரி வராது. கோணும்.

"ஒரே இடத்தில் இருந்திருந்தால் நேராக வந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோர்க்கத் தொடங்கினா.

மார்ச் 2, ஞாயிறு

மாமி கேட்டா: "அடிக்கிறானோ? குடிக்கிறானோ? உனக்கென்ன குறை, பிள்ளை?"

ஒரு குறையும் இல்லை. பிறகேன் மூச்சு முட்டுது?

மார்ச் 15, சனி

ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கம்பளம் பார்க்க வந்தார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். அந்த மனுசி ஓரத்துத் தையலைத் தடவி, யார் செய்தது என்று கேட்டா. "பாலைவனத்தில், கூடாரத்தில் இருக்கிற பெண்கள்," என்றார் நிர்மலன். நான் பக்கத்தில் நிற்கிறேன், விரலில் பிளாஸ்டரோடு.

மேலே வந்து மாஹ்கஞ்சுக்குச் சொன்னேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. நிற்கவேயில்லை.

மார்ச் 27, வியாழன்

செவன் கிங்ஸில் பிள்ளைகளுக்கு டியூஷன் வகுப்பு நடத்துகிற தக்ஷிகா அக்கா கடைக்கே வந்தா. கணிதம் படிப்பிக்க ஆள் தேவையாம். ஊரில், கோப்பாயில், நான் கணித ரீச்சராக இருந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அவவுக்கு இங்கிலிஷ் சரிவராது, அக்கா," என்றார் நிர்மலன், என்னை வைத்துக்கொண்டே.

வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை.

ஏன் வரேல்லை? வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளைக்கும் கேட்ட குரல் — எங்கை போனது? ஏன்டி பேசாமல் நிண்டனி?

ஏப்ரல் 11, வெள்ளி

நிர்மலனிடம் என் பாஸ்போட்டைக் கேட்டேன்.

"எங்கை போகப்போறீர்?"

"எங்கையும் இல்லை. என்ரை கையிலை இருக்கட்டும்."

"துலைச்சுப்போடுவீர். அலுமாரியிலை பத்திரமாக் கிடக்கு."

மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. தலை நிமிரவில்லை.

ஏப்ரல் 16, புதன்

நிர்மலன் ஏலத்துக்குப் போயிருந்தார். மாமி கூப்பிட்டா. அலுமாரி திறந்து கிடந்தது. அதைப் பூட்டித் திறக்க அவவிடமும் ஒரு திறப்பு இருந்தது எனக்குத் தெரியாது. என் பாஸ்போட்டை எடுத்துக் கையில் வைத்தா.

"மாமா இருக்கேக்கை என்ரையும் இதுக்குள்ளைதான் கிடந்தது. நான் ஒருநாளும் கேக்கேல்லை. நீ கேட்டனி."

கட்டிப்பிடிக்கப் போனேன். "போ, சோறு அடிப்பிடிக்கப் போகுது," என்றா.

ஏப்ரல் 19, சனி

நேற்றே தக்ஷிகா அக்காவோடு போனில் கதைத்துவிட்டேன். அவர் இல்லாத நேரம் போனால் பழி மாமியில் விழும். அதனால் அவர் பார்க்கவே இறங்கினேன், தோளில் ஒரு பையோடு. கடையில் ஆட்கள்.

"எங்கை போறீர்?" ஆட்கள் நின்றதால் சிரித்த முகம்.

"செவன் கிங்ஸுக்கு. தக்ஷிகா அக்கா வீட்டிலை அறை தாறா. படிப்பிக்கப் போறன். இனி அங்கைதான் இருப்பன்."

சத்தம் வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்தது. விரித்திருந்த கம்பளத்தைச் சுற்றிப் போகத் தோன்றவில்லை, சப்பாத்தோடு மிதித்துக்கொண்டு போனேன். பின்னால் "அனோஜினி!" என்றார். திரும்பினால் நின்றுவிடுவேன். திரும்பவில்லை.

மே 3, சனி

நிர்மலனின் மனைவி என்று தந்த விசா, இனி என்னாகும் என்று பயம். தக்ஷிகா அக்கா வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனா. வழி இருக்காம், நாளெடுக்குமாம். இரவு நிர்மலன் போனில் அழுதார். நானும் அழுதேன். வாறன் எண்டு மட்டும் சொல்லேல்லை.

ஜூன் 8, ஞாயிறு

மத்தியானம் மணி அடித்தது. வாசலில் மாமி. தனியாக!

தெரியாமல் எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி ஸ்ட்ராட்போர்ட் வரைக்கும் போய், அங்கே யாரிடமோ கேட்டுத் திரும்பி வந்தாவாம். "நல்லதாப் போச்சு. மேல்தட்டிலை முன்னுக்கு இருந்து எல்லாத்தையும் பாத்தன்," என்றா.

"மகனுக்குச் சொன்னீங்களோ, மாமி?"

"போய்ச் சொல்லுவம்."

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, யன்னலோரக் கதிரையில் சாய்ந்து இன்னொரு தேத்தண்ணி கேட்டா.