அந்தோணிராஜ் வழக்கில் கேட்ட இன்னொரு பெயர்

பிப். 3, திங்கள்

மலையில் மூடுபனி விலகப் பத்து மணி ஆயிற்று. டிஸ்பென்சரியில் இருமல் மருந்து காலி. எஸ்டேட் ஆபீசுக்கு எழுத வேண்டும்.

சம்மன் வந்துவிட்டது. வியாழன் என் சாட்சி. நடந்ததை ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். தொழிற்சங்கத் தலைவர் அந்தோணிராஜ், டிஸ்பென்சரி வாசலில், பட்டப்பகலில். தீவிரவாதக் கோஷ்டியில் சேர்ந்த எஸ்டேட் பையன் சுந்தரம் ஓடிவந்து கத்தியால் இரண்டு குத்து. "வர்க்க எதிரி ஒழிக!" கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் எதிரியாம். அந்த ஒப்பந்தத்தில் கிடைத்த கம்பளியைத்தான் சுந்தரத்தின் தாயும் போர்த்தியிருக்கிறாள். தூ.

என் மடியில்தான் உயிர் போனது. சுந்தரத்துடன் வேறு யாரும் வரவில்லை. போலீசிலும் அப்படியே சொன்னேன்.

பிப். 4, செவ்வாய்

வெயில். அந்தோணிராஜின் கட்சி ஜில்லாத் தலைவர் ஜீப்பில் வந்தார். செத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எதிர்ச்சங்கச் செயலாளர் பாஸ்கரனை இரண்டாம் குற்றவாளியாக வழக்கில் சேர்த்தாயிற்று. அதற்குச் சாட்சி வேண்டுமாம்.

"பாஸ்கரன் ரோட்டோரம் நின்னு கை காட்டினான்னு சொல்லிருங்க, கம்பவுண்டர்."

"அவர் அங்க இல்லையே."

"இல்லாட்டி என்ன? எலெக்சன் வருதுல்ல."

இந்த வேலை யார் சிபாரிசு என்றும் ஞாபகப்படுத்தினார். போகும்போது தோளைத் தட்டினார். சட்டையைக் கழற்றித் துவைக்கப் போட்டேன்.

பிப். 5, புதன்

காலையில் சுந்தரத்தின் கூட்டாளி ஒருவன், வயிற்றுவலி என்று. "சாட்சிக்கூண்டுல ஏறினா உங்க பிள்ளைகளுக்கு அப்பன் இருக்க மாட்டான்." சொல்லிவிட்டு மருந்தும் வாங்கிக்கொண்டு போனான்! கொடுத்தேன். என்ன பிறவிகள்.

தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு ஞானம்மாள் வந்தாள். அந்தோணிராஜின் மனைவி. உட்காரவில்லை.

"பாஸ்கரன் பேரையும் சொல்லச் சொல்லுதாகளாமே, அய்யா?"

"ஆமாம்மா."

"சொல்லாதீக. எம் புருசனக் கொன்னவன் ஒருத்தன். இன்னொருத்தியும் என்னிய மாதிரி நிக்கணுமா?"

ராத்திரி கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தரம் பார்த்தேன். பயம்தான்.

பிப். 6, வியாழன்

கூண்டில் ஏறினேன். சுந்தரத்தைக் காட்டினேன். "வேறு யாராவது?" இல்லை. மறுபடி கேட்டார் வக்கீல். இல்லை. ஜில்லாத் தலைவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பிப். 28, வெள்ளி

தீர்ப்பு. சுந்தரத்துக்கு ஆயுள். பாஸ்கரன் விடுதலை.

வெளியே திருவிழாக் கூட்டம். சுந்தரம் போலீஸ் வண்டியில் ஏறும்போது அவன் ஆட்கள் கோஷம்; அவன் சிரித்தான். பாஸ்கரனைத் தோளில் தூக்கிப் பட்டாசு. அவரும் ஞானம்மாளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜில்லாத் தலைவர் படி மேல் நின்று, அப்பீல், போராட்டம் என்று முழக்கம். கோர்ட்டுக்கு அவளைக் கூட்டிவந்த அவர் ஜீப் அவளை ஏற்றாமலே போயிற்று. பின்சீட் காலி.

நானும் ஞானம்மாளும் பஸ்ஸில் வண்டிப்பெரியாறு வரை நின்றுகொண்டே வந்தோம்.

"இம்புட்டுக் கோஷம் போட்டாகளே, எம் வீட்டுக்காரவுக பேர ஒருத்தனாவது சொன்னானா, அய்யா?"

"ஜட்ஜ் சொன்னாரும்மா. தீர்ப்புல."

"இங்கிலீசுலயா?"

"ஆமா."

"எப்பச் சொன்னாரு? எனக்குத் தெரியலயே."