புதுச் சாமையை ஆக்கியது யார்

அக்கா,

இன்று காலை ஆலயத்தின் பின்பக்கம் புதுச் சாமை வெந்துகொண்டிருந்தது. முதல் விளைச்சலைக் கர்த்தருக்குப் படைக்கும் அறுப்பின் பண்டிகைப் பொங்கல். அந்த ஆவி மூக்கில் ஏறியதும் கரண்டியைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இத்தனை வருஷமாகியும் அந்த வாசனையில் என்னால் நிற்க முடிவதில்லை.

மலைமேல் இருக்கும் இந்தக் குண்டூர் நாட்டுக்கு நான் நர்ஸாக வந்தபோது எங்களுக்கு ஜெபிக்க இடமே கிடையாது. கீழேயிருந்து வேலைக்கு வந்த நானும் இரண்டு வாத்தியார் குடும்பங்களும், அவ்வளவுதான் சபை. உங்கள் வீட்டில் மிளகு காயப்போடும் கொட்டகையை நீங்கள்தான் திறந்துவிட்டீர்கள். "பாட்டுத்தானுங்க பாடறீங்க? பாடிட்டுப் போங்க. மிளகைக் கோழி கெளறாமப் பாத்துக்குங்க" என்றீர்கள். ஒருநாளும் எங்களோடு உட்கார்ந்து ஜெபித்ததில்லை. நெற்றி நிறையத் திருநீறோடு வாசலில் நின்று பாட்டு மட்டும் கேட்பீர்கள்.

இரண்டாம் வருஷம் எனக்குத் தலைக்கனம் ஏறியது. எங்கள் ஊரில் செய்வதுபோல அறுப்பின் பண்டிகை வைத்தே ஆக வேண்டும் என்று குதித்தேன். பிரசவம் பார்த்த வீட்டில் ஒரு படி புதுச் சாமை கொடுத்திருந்தார்கள். நீங்கள் பதறினீர்கள்.

"ஏனுங்க நர்சம்மா, ஊர்ச்சாமிக்குப் படைக்கறதுக்கு முந்திப் புதுசை ஒலையில போடக்கூடாதுங்க. எட்டு நாளுதான், பொறுத்துக்குங்க."

"அது உங்க சாமிக்கு அக்கா. எங்களுக்கு அந்தக் கட்டெல்லாம் இல்லை" என்றேன். என்ன திமிர் எனக்கு! நீங்கள் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, கொட்டகையிலேயே அடுப்பு மூட்டிப் பொங்கினேன். வாசனை ஊரெல்லாம் போய்விட்டது.

மறுநாள் காலை ஊர் கூடியது. ஆக்கியது நாங்கள் என்றால் கொட்டகையில் ஜெபம் நின்றுவிடும், நான் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான். நீங்கள் என்றால் உங்கள் வீட்டை ஊர் ஒதுக்கிவைக்கும்.

"யாரு ஆக்குனது?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"நான்தானுங்க. என்ற கொட்டாயி, என்ற அடுப்பு" என்று முன்னால் போய் நின்றீர்கள்.

"வேற யாராச்சும் சொல்லறதுக்கு இருக்குதா?" என்று கவுண்டர் கேட்டார். மறுபடியும் கேட்டார். மூன்றாம் முறையும் எங்கள் பக்கம் பார்த்தே கேட்டார். நான் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சபைக்காகத்தான் பேசாமல் இருக்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் அக்கா. பயந்துவிட்டேன்.

அடுத்த வருஷப் படையல்வரை உங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது என்று தீர்ப்பானது. உங்கள் கூடப்பிறந்த தம்பியே முகம் திருப்பிக்கொண்டு போனார். வயலுக்கு ஆள் வராததால் நாங்கள் களை எடுக்க வந்தோம். "போங்க சாமி, களைய உட்டுப்போட்டுப் பயிரைப் புடுங்கறீங்க" என்று சிரித்தீர்கள். ஊர் முன்னால் ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, "பாட்டு நின்னு போயிருக்குமுல்லங்க" என்றீர்கள். அதற்கு மேல் அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவில்லை.

அதன்பின் மலைக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இன்று சபைக்குக் கான்கிரீட் கூரை இருக்கிறது. ஊர்ப் படையல் முடிந்த பிறகே எங்கள் பண்டிகை என்று வைத்திருக்கிறோம். போன வருஷம் உங்களை அடக்கம் செய்தபோதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இன்று செயலாளர் சபை வரலாறு வாசித்தார். "ஊரின் கொடுமைகளை வென்று வளர்ந்தோம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய் மைக்கை வாங்கி, "ஆக்கியது நான். பழியை ஏற்றது அவங்க" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டுக்கு அழைத்திருந்த கவுண்டரின் மகன் பக்கத்தில் வந்தார்.

"தெரியுமுங்க நர்சம்மா. எங்கய்யனுக்கு அன்னைக்கே தெரியும். நீங்க வாயத் தொறப்பீங்கன்னுதான் திரும்பத் திரும்பக் கேட்டாரு. தெரியாம செஞ்சுட்டேன்னு அந்த நர்சம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சாமிக்கு ஒரு தேங்கா ஒடைச்சு முடிச்சிருப்பேன்னு சாவற வரைக்கும் சொல்லுவாருங்க."

ஒரு தேங்காய், அக்கா. அதோடு முடிந்திருக்க வேண்டியதற்கு உங்கள் ஒரு வருஷத்தை வாங்கிக்கொண்டேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நீங்கள் இல்லை. அந்த வார்த்தையை நானே வைத்துக்கொண்டு இருக்கிறேன்.