மரியாதைக் கம்பளம்

சனிக்கிழமை, இரவு

ரெக்ஸ்டேல் மண்டபத்தில் இன்று எனக்குப் பாராட்டு விழா. ஐரிஷ் நடனத்தில் நான் வென்ற உலகப் பட்டங்களைச் தமிழ்ச் சங்கத் தலைவர் பிழைபிழையாக வாசித்தார். நான் சிறுமியாக இருந்தபோது, "வெள்ளைக்காரன்ரை குதிப்பு எங்கட பிள்ளைக்கு என்னத்துக்கு?" என்று அப்பாவிடம் கேட்டவரும் இவரேதான்.

மேடை முழுக்கச் சிவப்புக் கம்பளம் கிடந்தது. "அங்கிள், இதை எடுங்கோ. சப்பாத்துச் சத்தம் கேட்டாத்தான் இது டான்ஸ்" என்று தலைவரிடம் சொன்னேன்.

"உது உமக்கு மரியாதைக்கு விரிச்சது, பிள்ளை. சும்மா ஆடும்."

ஆடினேன். ஒரு தட்டும் கேட்கவில்லை. சனம் ஊமைப்படம் பார்ப்பதுபோல் பார்த்தது.

"கையையும் கொஞ்சம் அசைச்சிருக்கலாம்" என்று மைக்கில் சொல்லிவிட்டு, தலைவர் பொன்னாடை போர்த்தினார். கையை அசைக்காமல் காலால் மட்டும் ஆடியதற்குத்தான் அத்தனை பட்டங்களும் தந்தார்கள்.

பொன்னாடையைக் கழற்றி அவர் தோளிலேயே போட்டேன். மேடையிலிருந்து மரத்தரைக்கு இறங்கி நடந்தேன். வாசல்வரை ஒவ்வொரு அடியும் வெடித்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது.

காரில் அப்பா சொன்னார்: "நீ நடந்து வந்ததுதான் பிள்ளை, வடிவாக் கேட்டது."