கூரைக்குள் ஒரு பேருந்துக்கே இடம்

பாவா, இன்று ஆடிக் கிருத்திகை. சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சையின் வாசனை டீசல் புகையோடு கலந்து வந்தபோது, பழக்கத்தில் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் இல்லாத முதல் கிருத்திகை என்பது அப்போதுதான் உறைத்தது.

மலையடிவாரத்தில் உள்ள நம் அருங்காட்சியகத்தில் இரண்டு பழைய பேருந்துகள். மணவூர்த் தடத்தில் ஓடியதை நான் சீரமைத்தேன், ஆர்.கே.பேட்டைத் தடத்தில் ஓடியதை, அக்காவை மணந்த நாள் முதல் எனக்குப் போட்டியான நீங்கள். என்னுடையதில் வண்ணம், திருகாணி, இருக்கைத் துணி அனைத்தும் பழைய வரைபடத்தின்படி. வாசலில் கயிறு கட்டி, ‘ஏறக் கூடாது’ என்று பலகையும் மாட்டினேன். நீங்களோ கிடைத்த ரெக்சினைத் தைத்துப் போட்டீர்கள். வேறொரு எஞ்சினைப் பொருத்தி, கிருத்திகைதோறும் எலுமிச்சை வைத்துக் கிளப்பினீர்கள். மலையிறங்கிய காவடிக்காரர்கள் ஊருக்குப் போகும் வண்டி என்றே நம்பி அதில் ஏறி உட்கார்ந்தார்கள். விதிமீறல் என்று நான் கடிந்துகொண்டபோது, “ஏறினவங்கள எறக்கி விட்டா அது பஸ்ஸா மச்சான்? செத்த உக்காந்துட்டுப் போவட்டும்” என்றீர்கள்.

என் பேருந்தைப் பார்த்து ஒருவர்கூட அப்படி ஏமாந்ததில்லை. அந்த எரிச்சலுக்குப் பொறாமை என்பதே சரியான சொல்.

இதுவரை வெட்டவெளியில் நின்ற வண்டிகளுக்கு இப்போது கூரை தயாராகிவிட்டது. ஒரு வண்டிக்கே இடம். மற்றது இந்த மழைக்காலத்தையும் வெட்டவெளியில்தான் கழிக்க வேண்டும். எதை உள்ளே விடுவது என்ற முடிவு என்னிடம் வந்தது. விதி தெளிவானது: மூல நிலை மாறாத வண்டிக்கே முன்னுரிமை. உங்களை ஒருமுறையாவது வெல்லப் போகிறேன் என்ற மகிழ்ச்சி எனக்கு இருந்தது.

காலையில், அக்கா கேட்டுக்கொண்டதற்காக மட்டும், உங்கள் வண்டியைக் கிளப்பிச் சற்றே நகர்த்தினேன். புகை அடங்குமுன், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பெரியவர் ஒருவர் மனைவியோடு ஏறிவிட்டார்.

“பேட்டைக்கு எப்ப சார் எடுப்பீங்க? மழ வர்ற மாதிரி கீது.”

இது ஓடாத வண்டி என்றேன்.

“இப்பத்தான ஓட்டிகினு வந்தீங்க?” என்று சிரித்தவர், மனைவிக்கு ஜன்னலோரத்தை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

மூல நிலையை நான் வண்ணத்திலும் திருகாணியிலும் தேடியிருந்தேன். எப்போது எடுப்பீர்கள் என்று கேட்கும் பயணியை எந்த வரைபடத்திலும் பார்த்ததில்லை. அவர்கள் இளைப்பாறி இறங்கியதும், உங்கள் வண்டியையே கூரைக்குள் விட்டேன்.

பெருந்தன்மை என்று எண்ணிவிடாதீர்கள். பொறாமை அப்படியேதான் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டது, என் பேருந்து நனைகிறது. பலகையைக் கழற்றி, கயிற்றையும் அவிழ்த்துவிட்டு, அதற்கு எதிரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இதுவரை யாரும் ஏறவில்லை, பாவா.